கரி அடுப்புக்கு ஒரு தட்டு வாங்கிய கதை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசில் ஆணி அதிகம், அது ஒரு காரணம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள், அது இன்னொரு காரணம். இன்னைக்கு எழுதப் போவது ஒரு தட்டைப் பற்றி. வட்டமா, ஒன்பது இஞ்ச் விட்டத்தில், ஓட்டை ஓட்டையா ஒரு இரும்புத் தட்டு. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேட்பவர்கள் இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன்.

சரி, முதலில் அடுப்பைப் பற்றி. நான் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆல்ஃபரெட்டாவில். ரெண்டு வருஷம் முன்னாடி டீமில் இருந்த நண்பன் டல்லாஸுக்கு மூட்டை கட்டும்போது, "இதைத் தூக்கிட்டுப் போக முடியாது மச்சி, நூத்தம்பது டாலர் குடு, எடுத்துக்கோ" என்று ஒரு செராமிக் கரி அடுப்பைத் தலையில் கட்டினான். பெரிய முட்டை ஒன்றை நிற்க வைத்து, மேல்பாதியை வெட்டி, கீல் மாட்டி மூடியாக்கின மாதிரி இருக்கும். எழுபது கிலோவுக்கு மேல் கனம். வேனில் இருந்து இறக்க நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தர் இன்னமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் என்னைப் பார்க்கிறார்.

இந்த வகை அடுப்புக்குப் பொதுப்பெயர் கமாடோ. ஜப்பானில் அடுப்புக்கே அதுதான் பேர். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜப்பானில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள், அங்கே சோறு வேக வைக்கிற மண் அடுப்பைப் பார்த்து, ஊருக்குத் தூக்கி வந்தார்கள். 1974ல் எட் ஃபிஷர் என்பவர் இதே அட்லாண்டாவில் கடை போட்டு பிக் கிரீன் எக் என்ற பேரில் விற்க ஆரம்பித்தார். அப்புறம் இந்தப் பக்கம் பல கம்பெனிகள் வந்துவிட்டன. (என்னோடது எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நடந்ததில் பாதித் தப்பு என்னோடது, கீழே வரும்.)

வேலை செய்கிற விதம் நமக்குப் புதுசே இல்லை. கும்முட்டி அடுப்பு பார்த்திருப்பீங்க இல்லையா? மேலே கரி, நடுவில் கம்பித் தட்டு, கீழே விசிறியால் விசிற ஒரு வாய். அவ்வளவுதான். இதில் விசிறத் தேவையில்லை. அடியில் இழுத்து மூடுகிற மாதிரி ஒரு கதவு, மூடியின் உச்சியில் ஒரு ஓட்டை. சூடான காற்று மேலே போகப் போக, கீழே இருந்து புதுக் காற்று தானாகவே உள்ளே வரும். கீழ்க் கதவை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு சூடு. தடிமனான செராமிக் சுவர் என்பதால் சூடு வெளியே போகாது. 110 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கும். அதே அடுப்பு 350 டிகிரிக்கும் போகும். நான் இதில் நான் கூட சுட்டிருக்கிறேன். (இந்த வாக்கியத்தை ரெண்டு தடவை படிங்க, சரியாத்தான் இருக்கு.)

அந்த நடுவில் இருக்கிற தட்டுக்கு இவங்க வைத்த பேர் ஃபயர் கிரேட். நான் கரித்தட்டு என்றே சொல்கிறேன். வார்ப்பு இரும்பு. என்னோடதில் 37 வட்ட ஓட்டை.

இப்போ அப்பாவுக்கு வருவோம்.

அப்பா கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் 31 வருஷம் இருந்தார். மோல்டிங்கில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, கடைசியில் எல்லாமே அவர்தான் என்று ஆகிவிட்டது. பம்ப் கேசிங், மோட்டார் பாடி, அப்புறம் திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு ஃபயர் பார். 2023ல் முதலாளி பவுண்டரியை மூடிவிட்டு இடத்தை விற்றுவிட்டார். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் கேட்டால் "அது போச்சாது உடு" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இங்கே வந்தும் அப்படித்தான். அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. தங்கமணியும் அம்மாவும் சேர்ந்துகொண்டு சீரியல், இண்டியன் ஸ்டோர், கோயில் என்று பிசி. அப்பா காலையில் ஆறு மணிக்குக் குளித்து, திருநீறு வைத்து, சட்டை போட்டு, ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து விடுவார். மஞ்சள் ஸ்கூல் பஸ் வரும். போகும். சாயங்காலம் திரும்ப வரும். போகும். "நடக்கப் போலாமாங்கப்பா"ன்னா வருவார். "டிவி போடட்டுங்களா"ன்னா பார்ப்பார். ஆனா அவரா ஒண்ணும் கேட்க மாட்டார். முப்பத்தோரு வருஷம் சத்தத்திலும் புழுதியிலும் இருந்த மனுசன், எங்க வீட்டு கார்ப்பெட் மேலே செருப்பில்லாமல் மெதுவா நடப்பதைப் பார்த்தால் என்னமோ மாதிரி இருந்தது.

சரி, அப்பாவுக்குக் கறி பிடிக்கும், நம்ம அடுப்பில் ஒரு முழு ஆட்டுத் தொடை போட்டுக் காட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். ஹலால் கடையில் வாங்கி, முதல் நாள் ராத்திரியே அம்மா அரைத்த மசாலா தடவி, 120 டிகிரியில் ஆறு மணி நேரம் என்று கணக்கு. முதல் மணி நேரம் ஜம்முன்னு போச்சு. ரெண்டாவது மணியில் 105. அப்புறம் 95. கீழ்க் கதவை இன்னும் திறந்தேன். 85. முழுசாத் திறந்தேன். 80க்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு இது பழக்கம்தான், அந்த வட்ட ஓட்டைகளில் சின்னக் கரித்துண்டு போய் உட்கார்ந்து அடைத்துவிடும். துணி மாட்டுகிற ஹேங்கரை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கீழ்க் கதவு வழியாக விட்டுக் குத்தினால் திறந்துகொள்ளும். அன்றைக்குக் குத்தினால் கம்பி உள்ளேயே போகவில்லை.

கடைசியில் ஆட்டுத் தொடை சமையலறை ஓவனுக்குப் போனது. ருசி பரவாயில்லை. அப்பா "நல்லா இருக்குது கண்ணு" என்று சாப்பிட்டார். அவர் ரசத்தையும் அப்படித்தான் சொல்வார்.

மறுநாள் சாயங்காலம் ஆறின அடுப்பைக் கிளறினேன். தட்டு ரெண்டாக உடைந்திருந்தது. ஒரு பாதி சரிந்து, கரி மொத்தமும் கீழே கொட்டி, காற்று வருகிற வாயையே மூடிவிட்டது. ரெண்டு துண்டையும் எடுத்து வெளியே போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் அப்பா வெளியே இருக்கிறார். தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு.

"இதென்றா, கிரே அயர்னு?"

"தெரியலீங்ப்பா. காஸ்ட் அயர்ன்."

"உடைஞ்ச இடம் பாரு. சாம்பக் கலர்ல, மணல் மாதிரி மினுமினுப்பு. கிரே அயர்ன்தான். செரி, எங்கிருந்து உடைஞ்சுதுன்னு சொல்லு பாக்கலாம்."

நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவன். முதல் வகுப்பு. அப்பா ஆசைப்பட்டு சேர்த்தது. நாலாவது வருஷம் கேம்பஸில் பொட்டி தட்டும் கம்பெனி வந்தது, போயிட்டேன். அதுக்கப்புறம் இரும்பைத் தொட்டது ஜிம்மில்தான். "நடுவுலங்களா? நடுவுலதானே சூடு அதிகம்" என்றேன்.

அப்பா சிரித்தார். வந்து ஆறு வாரத்தில் முதல் தடவை.

"இங்க பாரு. ஓரத்துல இந்த அரை இஞ்ச் மட்டும் கறுப்பா இருக்குது. மிச்சம் வெளுப்பு. கறுப்பு பழைய வெடிப்பு, நெருப்பு பட்டுப் பட்டு கறுத்துப்போச்சு. வெளுப்பு நேத்து உடைஞ்சது. அப்ப ஓரத்துலதான் ஆரம்பிச்சிருக்குது. நடுவுல கரி கனகனன்னு எரியுது, நடு விரியும். ஓரம் உம்பட செராமிக் மேல உக்காந்திருக்குது, அது அத்தன சூடு இல்ல, விரியாது. நடு விரிஞ்சு ஓரத்தைப் புடிச்சு இழுக்கும். வார்ப்பு இரும்பை எத்தன வேணா அமுக்கு, தாங்கும். இழுத்தா தாங்காது."

கிரே அயர்னுக்கு அழுத்தம் தாங்கும் பலம், இழுவை தாங்கும் பலத்தைப் போல மூணு நாலு மடங்கு. செகண்ட் இயரில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கையில் உடைந்த துண்டை வைத்துக்கொண்டு அது ஞாபகம் வரவே இல்லை.

"செரி, இது சும்மா இத்தன சீக்கிரம் வெடிக்காது. சூடா இருக்கறப்ப தண்ணி கிண்ணி ஊத்துனியா?"

போன கோடையில் ஒரு நாள் விளையாட்டுக்குப் போக அவசரம். நெருப்பை அணைக்க ஒரு மக் தண்ணீர் ஊற்றியது உண்மை. (கீழ்க் கதவையும் மேல் ஓட்டையையும் மூடினால் தானாகவே அணையும். மிச்சக் கரியும் அடுத்த தடவைக்கு ஆகும். செராமிக்கே விரிசல் விட்டிருக்கலாம், தப்பித்தது.) ஒத்துக்கொண்டேன். அப்பா திட்டவில்லை. துண்டை என் கையில் கொடுத்து, அந்தக் கறுப்பு ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்து புதுத் தட்டு தேட உட்கார்ந்தேன். அப்பா நாற்காலியை ஜன்னலிலிருந்து என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுப்பு செகண்ட் ஹேண்ட் என்பதால் வாரண்டி பேச்சுக்கே இடமில்லை. கைக்காசுதான். மொத்தம் நாலு வழி இருந்தது.

ஒண்ணு, அதே மாதிரி வார்ப்பு இரும்புத் தட்டு. விலை குறைவு, அளவு கச்சிதம். ரெண்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை வரிசையா வெல்டு செய்த தட்டு. விலை டபுள். மூணு, கரி போடுகிற ஸ்டீல் கம்பிக் கூடை. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினால் சாம்பல் கீழே போயிடும். விலை மூணு மடங்கு. நாலாவது தங்கமணியின் யோசனை. "ஹார்டுவேர் கடையில் கம்பி வலை ரோல் வெச்சிருக்கான், வெட்டிப் போட்டா அஞ்சு டாலர்ல முடிஞ்சுது."

நாலாவதை அப்பா உடனே வெட்டினார். "அது ஜி.ஐ. வலை சாமி. மேல துத்தநாகம் பூசியிருப்பான். நானூத்திருவது டிகிரிலயே உருகிப் போயிரும். அந்தப் புகையைக் குடிச்சா காச்சல் வந்து படுத்துக்குவோம். அது மேல சோறு ஆக்கக் கூடாது." தங்கமணி, "சரிங்க மாமா" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் விவாதம் நடந்திருக்கும்.

கூடை அம்மாவுக்குப் பிடித்தது, சாம்பல் அள்ளுவது லேசு என்று. அப்பா படத்தைப் பெருசாக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான். ஆனா சுவத்துக்கும் கூடைக்கும் நடுவுல சந்து உழும். அத்தன கரி கொள்ளாது" என்றார். காசும் அதிகம். அடுத்த வருஷ போனஸுக்குத் தள்ளிவைத்தோம்.

மிச்சம் ரெண்டு. நான் ஸ்டீல் பக்கம். காரணம், ஓட்டை அதிகம், காற்று அதிகம், நெருப்பு ஜோர். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்றேன்.

"கணக்குப் போடு" என்றார்.

போட்டேன். பழைய தட்டில் ஓட்டை ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டர் விட்டம். 37 ஓட்டைக்கு மொத்தம் 65 சதுர சென்டிமீட்டர். தட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. "பாருங்க, எவ்வளவு கம்மி" என்றேன். "கீழ் கதவு?" என்றார். முழுசாத் திறந்தால் பத்துக்கு அஞ்சு, 50 சதுர சென்டிமீட்டர். ஆனால் 120 டிகிரியில் சமைக்கும்போது அரை சென்டிமீட்டர்தான் திறந்து வைப்பேன். அப்போ வெறும் 5.

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. காற்று நுழைகிற வாசல் அஞ்சு. தாண்ட வேண்டிய தட்டு அறுபத்தஞ்சு. பதிமூணு மடங்கு. ரெண்டு வருஷமா எல்லாரும் சொல்கிற "ஓட்டை பத்தாது" என்பது மெதுவாகச் சமைக்கும்போது காரணமே இல்லை. கதவை முழுசாத் திறந்து 350 டிகிரி ஏற்றும்போதுதான் தட்டு இடைஞ்சலாகும். அப்போ பாதி அடைந்திருந்தால் போச்சு.

"காத்தை அளக்கறது கதவு. தட்டோட வேலை அடைக்காம இருக்கறது, அவ்வளவுதான். வட்ட ஓட்டையில ஒத்தக் கரி உக்காந்தா ஓட்டை போச்சு. நீளமா சந்து இருந்தா, ஒரு கரி உக்காந்தாலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காத்து போகும். அதுக்குத்தான் பாய்லருக்கு நாங்க தட்டா ஊத்த மாட்டோம். ஃபயர் பாரா ஊத்துவோம். தனித்தனி பாரு. நுனியில விரியறதுக்கு எடம் உட்டுருவோம். ஒண்ணு விரிஞ்சா இன்னொன்னை இழுக்காது. ஒண்ணு போனா அது ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம்."

எத்தனை வருஷம் ஊத்தினீங்க என்று கேட்டேன். பதினெட்டு வருஷமாம். எங்கப்பா பதினெட்டு வருஷம் கரித்தட்டு செய்திருக்கிறார். நான் ரெண்டு வருஷமா ஹேங்கர் கம்பியால் குத்திக்கொண்டிருந்தேன்.

கேட்டுவிட்டேன். "இதெல்லாம் அப்ப ஒரு நாள் கூட வீட்ல சொன்னதில்லையேப்பா. பவுண்டரிக்குள்ளயும் என்னைய விட்டதில்ல. கேட்டுக்கு வெளியவே நிக்க வெப்பீங்க."

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். "எடுத்துச் சொன்னா உனக்குப் புடிச்சுப் போயிருமோன்னு பயம் சாமி. எனக்கு அப்படித்தான் புடிச்சுது. பதினேழு வயசுல கியூபோலாவுல இரும்பு உட்டாங்க, பாத்துட்டு அங்கயே நின்னுட்டேன். உள்ள வந்தவன் ஒருத்தனும் வெளிய போனதில்ல."

அப்பாவின் இடது முன்கையில் புளியங்கொட்டை அளவில் நாலைந்து தழும்பு உண்டு. சின்ன வயதில் அது அம்மை வடு என்று நினைத்திருந்தேன். அவங்களும் ஆமாம் என்றே சொல்லியிருந்தார்கள். நான் ஒண்ணும் பேசவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "ஏனுங், மணி பதினொண்ணு ஆச்சுங்க" என்றார். "சித்தெ இரு, தட்டு பாத்துட்டிருக்கறோம்" என்றார் அப்பா.

அப்புறம் எந்த ஸ்டீல் தட்டு என்ற கேள்வி. நான் ஏற்கெனவே ஒன்றைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன். ஆயிரக்கணக்கில் ஸ்டார். விட்டம் 233 மில்லிமீட்டர். அப்பா டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு ராத்திரி பதினொன்றரைக்கு வெளியே போனார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தட்டு உட்காருகிற குழிவு 234.

"ஒரு மில்லிமீட்டர் கேப் இருக்குதுங்ப்பா, ஃபிட் ஆயிரும்."

"பச்சையில ஃபிட் ஆகும். சூட்டுல?"

மறுபடி கணக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 17 மைக்ரான் விரியும். வார்ப்பு இரும்பு 11தான். 600 டிகிரி ஏறினால் 233 மில்லிமீட்டர் தட்டு கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டர் விரிந்து 235ஐத் தாண்டிவிடும். செராமிக் அந்த அளவுக்கு விரியாது. தட்டு உள்ளே இறுகி, செராமிக்கை வெளியே தள்ளும். செராமிக்கும் இழுவைக்கு ஆகாது. அறுபது டாலர் தட்டைப் போட்டு, அதைவிட விலை கூடின உள் செராமிக்கை உடைத்திருப்பேன். ஆயிரம் ஸ்டாரும் வேற வேற அளவு அடுப்பு வைத்திருப்பவர்கள் கொடுத்தது. என் குழிவை அளந்து யாரும் கொடுக்கவில்லை.

கடைசியில் 228 மில்லிமீட்டரில் ஒன்று கிடைத்தது. 6 மில்லிமீட்டர் கம்பி, 10 மில்லிமீட்டர் சந்து. சூட்டில் 230 வரும். தாராளம். கம்பிகள் அடியில் ரெண்டே ரெண்டு குறுக்குக் கம்பியில் வெல்டு செய்தது, சுற்றி வளையம் கிடையாது. நுனிகள் சும்மா விரியலாம். அப்பா அந்தப் படத்தைக் காட்டி, "இது பாரு, நம்ம பாரு மாதிரியே" என்றார்.

ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் கேட்டேன். "அப்போ வார்ப்பு வேண்டாங்களா? நீங்க வார்ப்புதான் வாங்கச் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குச் சோறு போட்டது வார்ப்பு. அதுக்காவ ஒரே தட்டா ஊத்துனதை வாங்கி மறுபடி வெடிக்க உடறதா? எங்கிட்ட மண்ணும் அச்சும் இருந்தா நாலு பாரா ஊத்திக் குடுத்திருப்பேன். இப்ப இல்ல. இதையே வாங்கு."

பவுண்டரி மூடியதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த "இப்ப இல்ல" ஒன்றுதான்.

மூணு நாளில் பார்சல் வந்தது. அப்பா ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழட்டி வந்து கம்பியில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை, வெல்டு பக்கம் மட்டும் லேசா இழுத்தது. 304 என்று போட்டது பொய்யில்லை என்று தலையாட்டினார். டேப் வைத்து அளந்தார். 228. குழிவில் இருந்த சாம்பலை பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, அவரே உட்கார வைத்தார். பழைய தட்டின் ரெண்டு பாதியும் கேரேஜ் ஓரத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி ஆட்டுத் தொடை. பெரிய கரித்துண்டுகளை அடியிலும் சின்னதை மேலேயும் அடுக்கச் சொன்னார். பொடியை மூட்டையிலேயே விடச் சொன்னார். ஆறு மணி நேரம் 118க்கும் 123க்கும் நடுவில் நின்றது. நான் ஒரு தடவை கூட கம்பி எடுக்கவில்லை. அப்பா காலை எட்டு மணியிலிருந்து கீழ்க் கதவு பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடுக்கில் தெரிகிற சிவப்பைக் குனிந்து பார்ப்பார். கதவை நூலளவு தள்ளுவார். பத்து நிமிஷம் காத்திருப்பார். நடுவில் பக்கத்து வீட்டு அமெரிக்கர் வேலியோரம் வந்து என்ன மீட் என்று கேட்க, அப்பா தமிழிலும் கொஞ்சம் இங்கிலீஷிலும் ஃபயர் பார் எப்படி ஊத்துவது என்று விளக்கினார். அவரும் இருபது நிமிஷம் நின்று கேட்டார். என்ன புரிந்ததோ தெரியாது.

கறி எலும்பை விட்டுத் தானா விலகி வந்தது. அப்பா ரெண்டாவது தடவை போட்டுக்கொண்டார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். எனக்கு அது போதும்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்தினம் பெட்டி கட்டும்போது அம்மாவின் சத்தம் கேட்டது. "இதை எதுக்குங்க வெக்கறீங்க? கஸ்டம்ஸ்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" பார்த்தால், பழைய தட்டின் ஒரு பாதியை வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறார். பழைய பசங்க ரெண்டு பேர் வேற பவுண்டரியில் இருக்கிறார்களாம். வெடிப்பு எங்கே ஆரம்பித்தது என்று இதில் அழகாகத் தெரிகிறதாம், அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நான் அம்மாவிடம் இருந்த ரெண்டு பாக்கெட் பாதாமை என் பையில் மாற்றி எடை சரி செய்தேன்.

இன்னொரு பாதி இங்கே என் மேசையில், மானிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் அப்பா போன் பண்ணினார். எப்பவும் அம்மா பண்ணி, அம்மா பேசி, "அப்பாகிட்ட குடுக்கறேன்" என்பார். அப்பா "செரி, வெச்சரட்டா" என்பார். இந்தத் தடவை அவரே பண்ணினார். முதல் கேள்வி, "தட்டு எப்படி இருக்குது? கோணியிருக்குதான்னு சமதளத்துல வெச்சுப் பாத்தியா?"

இன்னும் பார்க்கவில்லை. இந்த ஞாயிறு பார்த்துச் சொல்ல வேண்டும்.

டிஸ்கி: இதே வகை அடுப்பு வைத்திருக்கும் மக்களுக்கு. தட்டு வாங்கும் முன் குழிவை மூணு இடத்தில் அளங்கள், எதில் குறைவோ அதுதான் கணக்கு. ஸ்டீல் என்றால் குழிவை விட குறைந்தது 4 மில்லிமீட்டராவது சின்னதா வாங்குங்கள். வட்ட ஓட்டையை விட நீளச் சந்து நல்லது. ஜி.ஐ. எதையும் உள்ளே போடாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் எங்கப்பா கண்டுபிடித்துவிடுவார்.